காலில் ஒற்றை நகம்

அத்தியாயம் 4

பரக்கத் அலி பேசாமல் இருக்கும் இடத்தில் வேறு யாராவது பேசியே ஆகவேண்டும் என்பது செல்வமேரியின் கொள்கை. நெடுநேரமாக அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளும் வாயை மூடவில்லை.

“நான் நர்ஸா இருந்தப்ப ஒரு நோயாளி இப்படித்தான் சார், அசையாமலே கிடந்தாரு. முகத்தை மூடிட்டு ஃபாதருக்கு ஆள் அனுப்பினோம். ஃபாதர் வந்ததும் எழுந்து உக்காந்து காபி கேட்டாரு.”

பரக்கத் அலி மைக்ராஸ்கோப்பின் திருகைக் கொஞ்சம் திருப்பினார்.

“காபி வேணுமா சார்?”

“சிஸ்டர், இந்தக் காலைப் பாருங்க.”

“காலை எப்பவோ போயிடுச்சு சார். மத்தியானம் ஆகுது.”

பரக்கத் அலியின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். அவரிடம் அது உறுதியாகத் தெரியாது.

திருச்சி பெரிய கடை வீதியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடி அது. துப்பறிவதற்கு வருமுன் பரக்கத் அலி ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் பூச்சிகளோடு காலம் கழித்தவர். பூச்சிகள் பேசாது என்பதால் அந்த உத்தியோகம் அவருக்குப் பிடித்திருந்தது. மாணவர்கள் பேசியதால் விட்டுவிட்டார். பாலக்கரை செல்வமேரி ஆஸ்பத்திரி வேலையை விட்டதற்கும் பேச்சுதான் காரணம். ஆனால் அது அவளுடைய பேச்சு. பெரிய டாக்டரைப் பற்றியது.

அன்று விடிந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து இருசம்மாள் என்ற பெண் பாலத்தைக் கடந்து நடந்தே வந்து மாடி ஏறினாள். அவள் கணவன் பிச்சமுத்து, காவிரிக்கரையில் தர்மராஜ் என்பவரின் மல்லிகைத் தோட்டத்தில் தோட்டக்காரன். தர்மராஜின் கிராமபோன் பெட்டி காணாமல் போய்விட்டது. அதை மூடியிருந்த சிவப்பு வெல்வெட் உறை மட்டும் பிச்சமுத்துவின் குடிசை வேலியில் கிடந்தது. உறை முழுக்கச் செம்பேன். இலைக்கு அடியில் வலை பின்னிச் சாற்றை உறிஞ்சும் அந்தக் கடுகளவுகூட இல்லாத சிவப்புப் பூச்சி, அந்தக் கோடையில் தர்மராஜின் மல்லிகை முழுவதையும் பிடித்திருந்தது. ஆகவே பெட்டி மல்லிகைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது, ஆகவே ஒளித்தவன் தோட்டக்காரன் என்று தர்மராஜ் முடிவு கட்டிவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பெட்டி வரவேண்டும். வராவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் குடிசையைக் காலி செய்யவேண்டும்.

“குடிசை போனாப் போகுதுங்க ஐயா,” என்றாள் இருசம்மாள். “திருட்டுப் பட்டத்தோட போனா எந்தத் தோட்டத்துல உள்ள விடுவாங்க? உங்க மாதிரி பெரியவங்க வந்து பெட்டியை எடுத்துக் குடுத்தாத்தான் நம்புவாங்க.”

பரக்கத் அலி அவளோடு உடனே போய், உறையில் ஒரு துண்டும் மல்லிகை இலையில் ஒரு கையளவும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். அதற்குப் பிறகுதான் இந்த மௌனம்.

செல்வமேரி ஒரு கண்ணை மூடிக் குழாய்க்குள் பார்த்தாள்.

“இது மல்லிகை இலையில இருந்தது,” என்றார் அவர். “காலோட நுனியைப் பாருங்க.”

“எட்டுக் கால் இருக்கு. எந்தக் கால் சார்?”

“எதுவானாலும்.”

“நுனியில மெல்லிசா மயிர்க் கத்தை. தேஞ்ச துடைப்பம் மாதிரி.”

அவர் கண்ணாடித் துண்டை மாற்றி வைத்தார். “இது வெல்வெட்டுல இருந்தது.”

“அதே பேன்தானே. அதே சிவப்பு, அதே தொப்பை.” அவள் நிறுத்தினாள். “இல்ல சார். இதுக்குத் துடைப்பம் இல்ல. நடுவுல ஒரு நகம். வளைஞ்சு, கொக்கி மாதிரி.”

“வெறுங்கண்ணுக்கு ரெண்டும் ஒரே செம்பேன். கால்தான் வேற. வெல்வெட்டுல மல்லிகைப் பேன் ஒண்ணுகூட இல்ல. அந்தப் பெட்டி மல்லிகைக்குள்ள ஒரு பொழுதுகூட இருந்ததில்ல.”

“அப்ப திருடனுக்குக் கால்ல ஒரே நகம். அதுவும் வளைஞ்ச நகம்.”

“பேனுக்கு.”

“பேனை விட்டுட்டுச் சொன்னா கேக்க நல்லா இருக்கு சார்.”

பரக்கத் அலி வெல்வெட் துண்டின் ஓரத்தை விரலால் தடவினார். ஒரு பக்கம் மட்டும் கஞ்சி போட்டுக் காயவைத்தது போல விறைப்பாக இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

*

குதிரை வண்டிக்கார மருதைக்கு, தன் வண்டியில் போகிறவர்களின் காரியம் தெரியாவிட்டால் சாட்டை ஓடாது. தெப்பக்குளம் தாண்டியதும் தலையைத் திருப்பினான்.

“பெட்டி கேஸுங்களா? துப்பு ஏதும் கெடைச்சுதுங்களா?”

“கெடைச்சுது,” என்றாள் செல்வமேரி. “கால்ல ஒரே நகம். வளைஞ்சிருக்கும். ஐயா கண்டுபிடிச்சுட்டாரு.”

மருதை வாயைப் பிளந்தான். திருத்த வேண்டியவர் பரக்கத் அலி. அவர் வண்டிக் கூண்டின் துவாரம் வழியே சிந்தாமணிப் பக்கத்து வாழைக்குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்தடியில் மருதை குதிரைக்குத் தண்ணீர் காட்டினான். ஸ்ரீரங்கத்துக்குப் போகும் இன்னொரு வண்டிக்காரனிடம் குனிந்து ஏதோ சொன்னான். அந்த வண்டி அடுத்த நிமிஷம் பறந்தது. இவர்கள் மெதுவாகப் பின்னால் போனார்கள்.

அம்மா மண்டபம் சாலையில் நுழைந்தபோது, நாவிதர் ஒருவர் சவரத்தைப் பாதியில் விட்டு வாடிக்கையாளரின் பெருவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெற்றிலைக் கடை வாசலில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து காலை நீட்டி ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த ஒரு பெரியவர் இவர்கள் வண்டியைக் கண்டதும் நின்று, பாதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு, “அடியேனுக்கு எல்லாம் க்ஷேமமா இருக்கு,” என்று சொல்லிப் போனார்.

“சார், நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.”

“கேட்டேன்.”

“கோவமா?”

அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார்: “இல்ல. எல்லாரும் கீழே குனிஞ்சு பார்க்கறாங்க. பேசறது குறைஞ்சிருக்கு.”

*

தோட்டத்தில் தர்மராஜ் ஆட்களைக் கிணற்றுச் சுவர்மேல் வரிசையாக உட்காரவைத்திருந்தார். எல்லாக் கால்களும் வெயிலில் நீண்டிருந்தன. அவர் கையில் ஒரு பூதக்கண்ணாடி.

“வாங்க பாய். சேதி வந்த உடனே ஆரம்பிச்சிட்டேன். இவனுங்க யாருக்கும் வளைஞ்ச நகம் இல்ல. பிச்சமுத்துவுக்கும் இல்ல. அதனாலென்ன, குடிசையைச் சோதனை போட்டா தெரிஞ்சுடும்னு சொல்லியிருக்கேன்.”

“நீங்க ஷூ போட்டிருக்கீங்களே,” என்றாள் செல்வமேரி.

“நான் முதலாளிம்மா.”

“முதலாளிக்கும் நகம் முளைக்கும்தானே. ஒரு முறை கழட்டிட்டா இவங்களுக்கும் ஆறுதலா இருக்கும்.”

வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமலில் இருமல் இல்லை. தர்மராஜ் முனகிக்கொண்டே ஷூவைக் கழற்றினார். நகங்கள் ஒழுங்காக இருந்தன. ஒரு காலுறையில் மட்டும் பெரிய ஓட்டை.

செல்வமேரி வரிசையின் கடைசியில் இருந்த பிச்சமுத்துவிடம் போனாள். அவனுடைய வலது தோளும் முழங்கையும் வீங்கியிருந்தன.

“அது பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடின வீக்கம்,” என்றார் தர்மராஜ்.

“சுமை தூக்கினா இடுப்பு பிடிக்கும், முதுகு பிடிக்கும். இது சுத்தின வீக்கம். ராட்டினம் சுத்தறவங்களுக்கு வரும். நீ என்னப்பா சுத்தறே?”

பிச்சமுத்து முதலாளியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். “பாட்டுப் பெட்டிக்குச் சாவி குடுக்கறதுங்க. ஒரு பக்கம் பாடி முடியறதுக்குள்ள மறுபடியும் சுத்தணும். விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும்.”

“எதுக்கு?”

இதற்கு தர்மராஜ் பெருமையோடு பதில் சொன்னார். செடிக்குக் காது உண்டு என்று அவர் ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். நல்ல நாதஸ்வரம் கேட்டால் பூ பெருக்கும், நோய் ஓடும். மல்லாரி பிளேட்டு ஒன்று வாங்கி, தோட்டத்தின் நடுவில் பந்தல் போட்டு, மாசி முழுக்க வைத்தார். பங்குனியும் வைத்தார். இன்னும் பூ பெருகவில்லை, பேன் ஓடவில்லை. செடிகளுக்கு ராகம் பிடிபட நாளாகும்.

“தண்ணி யார் ஊத்தினது?” என்று பரக்கத் அலி கேட்டார்.

ஆட்கள் பிச்சமுத்துவின் கையைப் பார்த்தார்கள். செடிகளின் இலைகள் தூசி படிந்து, வெளுத்து, முனையில் சுருண்டிருந்தன. அடி இலைகளில் தண்ணீர் வீசி அடித்தாலே பாதிப் பேன் போய்விடும். வீசவேண்டிய கை பாட்டுப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் செல்வமேரி இருசம்மாளைக் கவனித்தாள். தோட்டத்தின் ஓரம் ஓடிய வாய்க்காலில், முழங்காலுக்குக் கீழ்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். குடமும் இல்லை, துவைக்கத் துணியும் இல்லை.

“மேலே வாம்மா,” என்று கூப்பிட்டாள்.

“இருக்கட்டுங்கம்மா. வெயிலுக்கு இதமா இருக்கு.”

செல்வமேரி பரக்கத் அலியின் காதருகே வந்தாள். “சார், ஊரே காலை நீட்டிக்கிட்டு இருக்கு. இவ ஒருத்தி மட்டும் வாய்க்கால்ல மறைச்சு வச்சிருக்கா.”

பரக்கத் அலி வாய்க்காலைப் பார்த்தார். கோடைத் தண்ணீர், தெளிவாக இருந்தது. அவள் நிற்கும் இடத்தில் மட்டும் கலங்கியிருந்தது. அவர் அதிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு தர்மராஜின் பக்கம் திரும்பினார்.

“ஐயா, ஆட்களை அனுப்பிடுங்க. அந்த நகம் மனுஷன் கால்ல இல்ல. பேன் கால்ல.”

“என்னது?”

“வெல்வெட்டுல இருந்த பேனுக்குக் கால்ல வளைஞ்ச நகம். உங்க மல்லிகைப் பேனுக்கு அது கிடையாது. அந்த நகத்தை நான் முன்னாடி பார்த்தது சோளத்தோகையில. ஸ்ரீரங்கத்துல சோளம் எங்கே விளையுது?”

“இங்க ஏது சோளம்? ரெண்டு ஆத்துக்கு நடுவுல நெல்லு, வாழை, வெத்தலை. மணப்பாறைப் பக்கம் போகணும் சோளத்துக்கு.”

“சரி. இந்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்க.” வெல்வெட் துண்டை நீட்டினார். “விறைப்பா இருக்கு. யாரோ வாயில போட்டு மென்னு, பிடிக்காம துப்பின இடம். எச்சில் காய்ஞ்சா இப்படி ஆகும். சோளம் தின்கிறவங்க யாரோ இதையும் சேர்த்து இழுத்திருக்காங்க. இழுத்துட்டு வந்து வேலியோரம் போட்டிருக்காங்க.”

“யாருய்யா அது, வெல்வெட்டைத் திங்கறவன்?”

வீட்டுக் கொல்லைப் பக்கமிருந்து “அம்மா” என்று நீளமாக ஒரு குரல் வந்தது. தர்மராஜ் ஷூ இல்லாத காலோடு அப்படியே நின்றார்.

*

அது அவர் மனைவி ரெங்கம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பசு. மணப்பாறைச் சந்தையில் ரெங்கம்மாளின் தம்பி பார்த்துப் பார்த்து வாங்கித் தந்தது. ஸ்ரீரங்கத்து வைக்கோலை மோந்துகூடப் பார்க்காது. அதனால் தம்பி வண்டி அனுப்பும்போதெல்லாம் பாதி காய்ந்த சோளத்தட்டை வந்து இறங்கும். கொட்டிலின் பின்சுவரை ஒட்டி அது போராக அடுக்கியிருந்தது.

ரெங்கம்மாள் பசுவுக்குப் பக்கத்தில் நின்று இவர்கள் வருவதைப் பார்த்தாள். பருத்த உடம்பு. நெற்றியில் பெரிய குங்குமம். முகத்தில் கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை.

“வாங்க பாய். மோர் குடிக்கறீங்களா?”

“அப்புறம் குடிக்கிறேம்மா.”

பரக்கத் அலி தட்டைப் போருக்குள் கையை விட்டார். தோள் வரை போயிற்று. ஒரு மூலையை, பிறகு இன்னொரு மூலையைத் தொட்டு, மெதுவாக இழுத்தார். சோளத்தோகைகள் சரிந்தன. தேக்குப் பெட்டி ஒன்று புல்லும் தூசியுமாக வெளியே வந்தது. பசு எட்டி அதை நக்கப் பார்த்தது.

செல்வமேரி பசுவின் முகத்தைப் பிடித்து விலக்கினாள்.

தர்மராஜ் பெட்டியைப் பார்த்தார். பசுவைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

“நான்தான் எடுத்து வச்சேன்,” என்றாள் ரெங்கம்மாள்.

“நீயா?”

“பின்னே என்ன? மல்லாரின்னா பெருமாள் புறப்பாடு. காதுல விழுந்தா கையில கரண்டி இருந்தாலும் கீழே வச்சுட்டு எழுந்து கும்பிடணும்னு வளர்ந்த உடம்பு இது. உங்க பெட்டி நாளெல்லாம் புறப்பாடு வாசிக்குது. நான் எழுந்திருக்கிறதா, சமைக்கிறதா? தெருவுல போறவங்க சாமி வருதுன்னு வேலிக்கு ஓடி வந்து, கன்னத்துல போட்டுக்கிட்டு, உங்க மல்லிச்செடியைச் சேவிச்சுட்டுப் போறாங்க. ஒரு மாமி தேங்காய்த் தட்டோட வந்துட்டாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். மல்லாரி சத்தத்துல உங்களுக்குக் கேக்கல.”

“அதுக்காக பிச்சமுத்துவைத் துரத்தற வரைக்கும் பேசாமயா இருப்பே?”

“விளக்கு வைக்கறதுக்குள்ளதானே கெடு வச்சீங்க? விளக்கை வைக்கறது நான்தானே. அதுக்கு முன்னால சொல்லிடலாம்னு இருந்தேன்.” அவள் பசுவின் கழுத்தைச் சொறிந்தாள். “அதுவரைக்கும் இன்னும் கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருக்கலாமேன்னு பார்த்தேன்.”

பரக்கத் அலி அவளை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். மாட்டுக் கொட்டிலில், சத்தம் பிடிக்காத தன் இனத்தைச் சேர்ந்த ஒருத்தியைச் சந்திப்போம் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

தர்மராஜ் பெட்டியைத் துடைத்து, மூடியைத் திறந்தார். ஊசி இருந்தது. பிளேட்டும் இருந்தது. பக்கத்துத் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

“கைப்பிடி எங்கே?”

“கைப்பிடியா?” என்றாள் ரெங்கம்மாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் தடுமாறியது. உடனே சமாளித்துக்கொண்டாள். “எங்கேயாவது விழுந்திருக்கும். மாடு மிதிச்சிருக்கும்.” ஆனால் அவள் கண்கள் பரக்கத் அலியின் கண்களில் ஒரு கணம் மாட்டிக்கொண்டன. எடுத்தவளுக்கு, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். தீவனம் போடும்போது பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவளுக்குத் தெரியாது.

அவர் மோரை வாங்கிக் குடித்தார்.

தர்மராஜ் பிச்சமுத்துவை அழைத்தார். ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி, தப்பு தன் வீட்டுக்குள்தான், அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொன்னார். சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவி பக்கத்தில் நின்றதால் முழுவதையும் சொல்லிவிட்டார். கைப்பிடி கிடைக்கும் வரை பிச்சமுத்து செடிக்குத் தண்ணீர் அடிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

*

திரும்பும்போது வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். இருசம்மாள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

“எல்லாம் முடிஞ்சதும்மா,” என்றார் பரக்கத் அலி. “உங்க வீட்டுக்காரர் மேல பழி இல்ல. முதலாளியே வாயால சொல்லிட்டாரு.”

அவள் கண்கள் நிறைந்தன. கும்பிட்டாள். ஆனால் கரையேறவில்லை.

“கால் விவகாரமும் முடிஞ்சுது,” என்றாள் செல்வமேரி. “பயப்படாம வெளியே வா. உன் நகம் வளைஞ்சிருந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க.”

“என் காலுக்கு என்னங்கம்மா கேடு?” இருசம்மாள் வலது காலைத் தூக்கிக் காட்டினாள். சேறு வழிந்தது. ஐந்து நகங்களும் நேராக, சுத்தமாக இருந்தன.

செல்வமேரி அந்தக் காலையே பார்த்தாள். “சரி. அந்தக் கால்?”

இருசம்மாள் வலது காலைக் கீழே வைத்தாள். இடது காலைத் தூக்கவில்லை.

“அது இருக்கட்டுங்க.”

இப்போதுதான் செல்வமேரிக்குப் புரிந்தது. அவள் காலை மறைக்கவில்லை. காலுக்குக் கீழே இருந்ததை மறைத்தாள்.

“குடிசையைச் சோதனை போடறதாச் சொன்னாங்க,” என்று இருசம்மாள் மெதுவாகச் சொன்னாள். “வேற எங்க போட? தண்ணி இவ்வளவு தெளிவா ஓடுது. நகர்ந்தா தெரிஞ்சுடும்.”

“நீ எடுத்த பெட்டியைத் திருப்பி அங்கேயே வச்சிருக்கலாமே.”

“வச்சா? எங்க வீட்டுக்காரர் பயந்து கொண்டாந்து வச்சுட்டாருன்னு சொல்லுவாங்க. அவரு கை ராத்திரியில தூங்கும்போதும் சுத்துதுங்கம்மா. செடி காய்ஞ்சாலும் எங்களைத்தான் சொல்வாங்க. பெட்டி திரும்பி வரணும், பாட்டு வரக்கூடாது. அதான் ஐயாகிட்ட வந்தேன்.”

செல்வமேரி பரக்கத் அலியைப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்குள்ளிருந்து, இடது கையால் வீசும் தண்ணீர் மல்லிகை இலைகளில் அறையும் சத்தம் வந்தது. நின்று, மீண்டும் வந்தது. வேறு சத்தமே இல்லை. அவர் அதை வெகுநேரம் கேட்டார்.

“நீங்க தேடச் சொன்னது பெட்டியை,” என்றார் கடைசியில். “அது கிடைச்சாச்சு. கைப்பிடிக்கு யாரும் என்னைக் கூப்பிடல.”

அவர் நடக்கத் தொடங்கினார். வண்டி ஏறும்வரை செல்வமேரி வாயைத் திறக்கவில்லை. மருதை ஆவலோடு திரும்பினான்.

“திருடன் ஆம்பிட்டானுங்களா? கால் எப்படி இருந்துது?”

“நல்ல கால்,” என்றாள் செல்வமேரி. “இன்னும் கொஞ்சம் சேத்துல அழுத்தினாப் போதும். வண்டியை ஓட்டு.”